கம்ப்ரசர் தொட்டிக்கு வாங்கிய மூன்று ரிலீஃப் வால்வுகள்

எங்கள் பணிமனையில் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டி மீதிருந்த, அழுத்தம் அளவை மீறினால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு, ஒரு நாள் சரியான அழுத்தத்தில் திறந்து ஊதியது; ஆனால் ஊதி முடித்த பிறகு மூடவில்லை. லீவரை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டோம், மேலே மெல்லத் தட்டியும் பார்த்தோம். சீறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியைக் காலி செய்து வால்வைக் கழற்றியபோது, சீட்டின் (மூடும் தட்டு வந்து அமரும் வளையத்தின்) விளிம்பில் ஏதோ துருத்துகள் அழுந்திய தடம் ஒன்று, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பதிந்திருந்தது.

மாற்று வாங்கும்போது "அரை அங்குல மரை, 10 பார்" என்று மட்டும் சொன்னேன் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). பெரும்பாலோர் சொல்வதும் அவ்வளவுதான். அந்த இரண்டு விவரங்களுக்கும் பொருந்துபவையாக மூன்று வகை வால்வுகள் எதிரே வைக்கப்பட்டன. உருவத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. மூன்றையும் வாங்கி, ஒரே தொட்டியில் மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதித்ததன் விவரமே இந்த மதிப்பீடு. தயாரிப்பாளர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்புகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன என்பதால், பெயரைவிட உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

வால்வுகளுக்குள் போவதற்கு முன், அவை இயங்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது புரியாமல் சோதனை முடிவுகளுக்குப் பொருள் இல்லை. ஸ்பிரிங் வால்வில் தொட்டியின் காற்று டிஸ்க்கை, அதாவது துளையை மூடும் தட்டை, மேலே தள்ளுகிறது, ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்துகிறது. சீட்டின் துளை 6 மி.மீ. விட்டம் கொண்டதாக இருந்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. ஆகும். 10 பார் அழுத்தத்தில் அந்தப் பரப்பின் மீது விழும் விசை சுமார் 28 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட மூன்று கிலோ எடைக்குச் சமம். ஸ்பிரிங்கை அந்த அளவுக்கு இறுக்கி வைத்தால் 10 பாரில் வால்வு திறக்கும். இதைத்தான் செட் பிரஷர் என்கிறோம். பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பான் 17ஆம் நூற்றாண்டில் தமது நீராவிக் கலத்தின் மீது நெம்புகோலும் எடையும் வைத்துச் செய்ததும் இதே கணக்குதான். எடை இருந்த இடத்துக்கு ஸ்பிரிங் வந்திருக்கிறது.

ஆனால் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எடையை எவ்வளவு உயர்த்தினாலும் அது அதே எடைதான். ஸ்பிரிங்கோ அமுங்க அமுங்கக் கூடுதலாக எதிர்க்கும். ஆகவே வெறும் டிஸ்க்கும் ஸ்பிரிங்கும் மட்டும் இருந்தால், டிஸ்க் ஒரு மயிரிழை உயர்ந்தவுடனே ஸ்பிரிங் அதைத் திரும்ப அமுக்கப் பார்க்கும். வால்வு முழுமையாகத் திறக்காமல் சீறிக்கொண்டே இருக்கும். இதைத் தாண்டுவதற்காக நல்ல வால்வுகளில் டிஸ்க்கின் விளிம்பைச் சீட்டைவிட அகலமாக அமைத்து, அந்த விளிம்புக்கு அடியில் ஒரு சிறிய அறையை விட்டிருப்பார்கள். சீட்டைத் தாண்டிக் கசியும் முதல் காற்று அந்த அறையில் சிக்கி, முன்பைவிடப் பெரிய பரப்பைத் தள்ளுவதால், டிஸ்க் 'டப்' என்ற ஓசையோடு ஒரே தாவலில் உயர்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரு விளைவு உண்டு. திறந்த பின் அழுத்தம் படும் பரப்பு கூடிவிட்டதால், தொட்டி மீண்டும் 10 பாருக்கு வந்தாலும் ஸ்பிரிங்கால் டிஸ்க்கை இறக்க முடியாது; இன்னும் கொஞ்சம் இறங்கினால்தான் முடியும். திறக்கும் அழுத்தத்துக்கும் மூடும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான் புளோடவுன். இதைக் குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாது. இந்த இடைவெளி அறவே இல்லாத வால்வு, திறந்த கணத்திலேயே மூடி, மூடிய கணத்திலேயே திறந்து, நொடிக்குப் பலமுறை சீட்டைத் தானே சுத்தியலால் அடிப்பதுபோல் அடித்துக்கொள்ளும். இடைவெளி மிக அதிகமாக இருந்தாலோ, காற்று தேவைக்கு மேல் வீணாகும். செட் பிரஷரில் ஏழு சதவீதம் அளவுக்குக் கீழே இறங்கி மூடுவது காற்றுக்கும் நீராவிக்கும் ஏற்ற நடத்தை.

சோதனைக்காக, 16 பார் தாங்கக்கூடியதும் நீரழுத்தச் சோதனை முடிந்ததுமான 200 லிட்டர் தொட்டி ஒன்றையும், நிமிடத்துக்கு 1 கன மீட்டர் காற்றை உள்ளிழுத்து 14 பார் வரை ஏற்றக்கூடிய கம்ப்ரசரையும் பயன்படுத்தினோம். காவலுக்கென 13 பாருக்கு அமைத்த இன்னொரு வால்வும் அதே தொட்டியில் இருந்தது. கைப்பம்பு வைத்த சிறிய சோதனை மேசையில் இதைச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த மேசையில் திறக்கும் அழுத்தம் மட்டும்தான் தெரியும். வால்வு திறந்த நொடியிலேயே உள்ளே இருக்கும் சொற்பக் காற்று தீர்ந்துவிடுவதால், எங்கே மூடுகிறது, எவ்வளவு வெளியேற்றுகிறது என்ற இரண்டும் தெரியாமல் போகும். அழுத்தப்பட்ட காற்று வெடித்தால் அதன் ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிவரும் என்பதால், முன்னனுபவமும் தகுந்த தொட்டியும் இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

முதலாவது, விரல் நீளமே உள்ள பித்தளை வால்வு; மேலே சாவிவளையம் போன்ற ஒரு வளையம், உள்ளே டிஸ்க்குக்குப் பதில் ஒரு சிறிய எஃகுக் குண்டு. உடம்பில் '10 பார்' என்ற எண் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. அழுத்தம் ஏறும்போது 9.2 பாரிலேயே மெல்லிய சீறல் தொடங்கியது; 9.9 பாரில் ஓசையோடு திறந்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வால்வு ஊதிக்கொண்டிருக்கும்போதே அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போயிற்று. முக்கால் நிமிடத்தில் 11.4 பாரைத் தொட்டதும் கம்ப்ரசரை நிறுத்திவிட்டோம். நிறுத்திய பிறகும் அது ஒன்றரை நிமிடம் ஊதி, 7.6 பாருக்கு இறங்கிய பின்னரே மூடியது. எங்கள் பணிமனையில் கம்ப்ரசர் தானாக நிற்பதே 8 பாரில்தான். அதற்கும் கீழே போய் மூடும் வால்வு, ஒருமுறை திறந்தால் தொட்டியின் வேலை அழுத்தத்தையே காலி செய்துவிடும்.

முள் ஏன் ஏறியது என்று பார்க்க, பிறகு அந்த வால்வை வாளால் நெடுக்கில் அறுத்தோம். வெளியே அரை அங்குல மரை. உள்ளே காற்று போகும் துளை வெறும் 3 மி.மீ. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது மரை, வேலை செய்வது துளை. கணக்கைப் போட்டாலே இது விளங்கும். தொட்டியில் 11 பார் இருக்கும்போது, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 12 பார். அந்த அழுத்தத்தில், அறை வெப்பநிலையிலுள்ள காற்று, இழப்பே இல்லாத துளையின் ஒவ்வொரு சதுர மி.மீ. வழியாகவும் நொடிக்கு சுமார் 2.8 கிராம்தான் வெளியேற முடியும். துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுவதால் அதற்கு மேல் போக வழியில்லை. 1 கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியேற்ற ஏறத்தாழ 7 சதுர மி.மீ. தேவை. 3 மி.மீ. துளையின் பரப்பும் சரியாக 7 சதுர மி.மீ.தான், ஆனால் எந்த வால்வும் இழப்பில்லாத துளை அல்ல. குண்டைச் சுற்றி வளைந்து போகும் காற்றுக்கு அந்தப் பரப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் பயன்படும். எனவே கம்ப்ரசர் தருவதை இந்த வால்வால் ஒருபோதும் வெளியேற்ற முடியாது. இதே வால்வை நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் சிறிய கம்ப்ரசரில் பொருத்தினால் தாராளமாகப் போதும். தவறு பொருளில் பாதி, பொருத்தத்தில் பாதி. எவ்வளவு காற்றை வெளியேற்றும் என்ற கொள்ளளவை உடம்பில் அடிக்காமல் விட்டது மட்டும் முழுக்கத் தயாரித்தவரின் தவறு.

இரண்டாவது வால்வு கனமானது, பார்வைக்கு மிக நேர்த்தியானது. மேல் மூடியைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஒரு செக்நட் அதை நிறுத்திப் பிடிக்கும். விற்றவர் இதைத்தான் உயர்வாகப் பேசினார். எனக்கு அதுதான் முதல் உறுத்தல். பாதுகாப்புக்கென்று தொட்டியில் இருக்கும் வால்வை, கையில் ஸ்பானர் வைத்திருக்கும் எவரும் மாற்றிவிட முடியுமானால், "அடிக்கடி ஊதுகிறது" என்று ஒரு நாள் யாராவது அரைச் சுற்று இறுக்கிவிடுவார்கள். ஈய முத்திரை வைத்துக் கம்பி கட்டுவதற்கான துளைகூட அதில் இல்லை. 10 பாருக்கு அமைத்துச் சோதித்தபோது அது ஓசையில்லாமல், படிப்படியாகத் திறந்தது. 10.3 பாரில் காற்று நன்றாகவே வந்தாலும் முழுத் திறப்புக்கு ஏறக்குறைய 12 பார் தேவைப்பட்டது. அடுத்தடுத்த முறைகளில் திறப்பு அழுத்தம் 9.6 பார் வரை நழுவியது.

இப்படி அழுத்தத்துக்கேற்ப அளவாகத் திறப்பது திரவத்துக்கான வால்வின் இயல்பு. தண்ணீரும் எண்ணெயும் அமுங்காதவை. அவற்றின் பாதையில் வால்வு திடீரென்று தாவித் திறந்து மூடினால் குழாயெல்லாம் அதிரும், ஆகவே அங்கே நிதானமான திறப்பே நல்லது. காற்றும் நீராவியும் திறந்த பிறகும் விரிந்துகொண்டே வருபவை என்பதால் அவற்றுக்கு ஒரே தாவலில் திறக்கும் சேஃப்டி வால்வு வேண்டும். ரிலீஃப் வால்வு, சேஃப்டி வால்வு என்ற இரு பெயர்களையும் பேச்சில் கலந்தே பயன்படுத்துகிறோம், விற்பவர்களும் அப்படியே விற்கிறார்கள். குழப்பத்தின் வேர் இதுதான். இந்த இரண்டாவது வால்வை நாங்கள் பிறகு எண்ணெய் பம்பு ஒன்றின் பைபாஸ் பாதையில் பொருத்தினோம். அங்கே அது அருமையாக வேலை செய்கிறது. கியர் பம்பு போன்றவற்றின் வெளிவழி அடைபட்டால் அழுத்தம் நொடியில் ஏறிவிடும். அதைத் தணிக்கவே இது பிறந்திருக்கிறது.

மூன்றாவது, கன்மெட்டல் உடம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங்கும் கொண்டது. டிஸ்க்கின் முகத்தில் விட்டான் ரப்பர், பக்கவாட்டில் ஒரு லீவர், மூடியில் ஈய முத்திரை. பெயர்த்தகட்டில் செட் பிரஷர், துளையின் விட்டம், வெளியேற்றக் குணகம் (இழப்பில்லாத துளையோடு ஒப்பிட்டால் எத்தனை பங்கு காற்று போகும் என்ற எண்), பத்து சதவீத மிகை அழுத்தத்தில் வெளியேற்றும் காற்றின் அளவு, ஐஎஸ்ஓ 4126 என்ற தரக்குறிப்பு ஆகிய யாவும் இருந்தன. எழுத்து மட்டும் உருப்பெருக்கி கேட்கும் அளவுக்குச் சிறியது. 10.1 பாரில் திறந்து 9.3 பாரில் மூடியது. 6 மி.மீ. துளை கம்ப்ரசர் தருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை வெளியேற்றக்கூடியது என்பதால், முள் 10.1க்கு மேல் அசையவே இல்லை. கம்ப்ரசரை நிறுத்தாமல் விட்டபோது ஐந்து நொடி ஊதி, பத்து நொடி மூடி, மீண்டும் ஐந்து நொடி ஊதி, கடிகாரம்போல் நடந்தது. இருபது முறைக்குப் பிறகும் திறக்கும் அழுத்தம் மாறவில்லை.

மூடுவதைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. வால்வு திறந்தால் ஓசை சொல்லிவிடும்; மூடியதா என்பதை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்தது அதுவே. பைலட் வகை ரிலீஃப் வால்வு (சிறிய துணை வால்வு ஒன்றால் இயக்கப்படுவது) ஒன்று முறைப்படி திறந்தது, அழுத்தம் குறைந்ததும் மூடியிருக்க வேண்டியது மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, 'மூடு' என்ற ஆணை போனதைத்தான் காட்டியதே ஒழிய, வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த வழியே குளிர்நீர் வெளியேறி, உலைக்கருவின் ஒரு பகுதி உருகியது. அத்தனை பெரிய ஆலைக்கும் நம் காற்றுத் தொட்டிக்கும் ஒப்புமை இல்லைதான். வால்வின் குணம் மட்டும் ஒன்றே.

அதனால் மூன்றையும் குமிழிச் சோதனைக்கும் உட்படுத்தினோம். செட் பிரஷரில் 90 சதவீதத்தில், அதாவது 9 பாரில், தொட்டியை நிறுத்தி, வால்வின் வெளிவாயிலிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தண்ணீருக்குள் அரை அங்குலம் அமிழ்த்திக் குமிழிகளை எண்ணுவதே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 527 தரநிலை சொல்லும் முறை. உலோகச் சீட் கொண்ட சிறிய வால்வுகளுக்கு நிமிடத்துக்கு 40 குமிழிகள் வரை அதில் இடமுண்டு, ரப்பர் முகம் கொண்டவற்றுக்கு ஒரு குமிழிகூடக் கூடாது. முதலாவது வால்வில், அதன் வெளிப்புறத் துளைகளைச் சுற்றி ஒரு ரப்பர் உறையை மாட்டித்தான் சோதிக்க முடிந்தது. குமிழிகள் எண்ண முடியாத சரமாக வந்தன. இரண்டாவதில் மூடிய பின் பத்து நிமிடம் கசிந்து ஓய்ந்தது. மூன்றாவதில் ஒரு நிமிடம் முழுக்கத் தண்ணீர் அசையவில்லை.

ரப்பர் முகத்தின் வகையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எண்ணெய் மூடுபனி கலந்த கம்ப்ரசர் காற்றுக்கு விட்டானும் நைட்ரைலும் ஏற்றவை; ஈபிடிஎம் வெந்நீருக்கு நல்லது, எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். உயர்வெப்ப நீராவிக்கு ரப்பரையே மறந்துவிட்டு உலோகச் சீட்டுக்குப் போவதுதான் முறை, அங்கே சிறு கசிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செட் பிரஷரைத் தேர்வதில் தயக்கத்துக்கே இடமில்லை: தொட்டியின் பெயர்த்தகட்டில் உள்ள உச்ச அனுமதி அழுத்தத்தை அது தாண்டக் கூடாது. அன்றாட வேலை அழுத்தம் அதற்குப் பத்து சதவீதமாவது கீழே இருக்க வேண்டும், இல்லையேல் வால்வு எப்போதும் திறக்கும் தறுவாயிலேயே நின்று சீட்டை அரித்துக்கொள்ளும். எங்கள் 8 பாரும் 10 பாரும் இந்த இடைவெளியைத் தாராளமாகத் தருகின்றன. கடினமான கேள்வி கொள்ளளவுதான், அதற்கு விடை காண, ஆகக் கெட்ட நிலைமையில் தொட்டிக்குள் எவ்வளவு வரக்கூடும் என்று யோசிக்க வேண்டும். கம்ப்ரசரின் சுவிட்ச் பழுதாகி அது நிற்காமல் ஓடுவது எங்கள் நிலைமை. வெந்நீர்க் கலத்தில் நிலைமை வேறு: 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது ஒன்றரை லிட்டர் பெருக்கும், போக வழியில்லாவிட்டால் அந்த ஒன்றரை லிட்டரே கலத்தைப் பிளக்கப் போதும். அதற்கு மிகச் சிறிய துளை போதுமானது, ஆனால் தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டும் வாய்ப்பையும் கருதி, அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் சேர்த்துத் திறக்கும் வால்வைத்தான் அங்கே பொருத்துவார்கள். அளவுக்கு மீறிப் பெரிய வால்வும் நல்லதல்ல என்பதை எங்கள் வால்வு ஐந்து நொடி ஊதி, பத்து நொடி மூடி, மாறி மாறி நடந்ததே காட்டியது. மூன்று மடங்கு பொறுக்கத்தக்கது. பத்து மடங்கு என்றால் படபடப்பு தொடங்கிவிடும்.

மூன்றாவது வால்விலும் குறைகள் உண்டு. உள்வாயிலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றும்போது அதன் ஒரு கீற்று மரைக்குள்ளேயே தங்கிவிட்டது. கவனிக்காமல் பொருத்தியிருந்தால் முதல் ஊதலிலேயே அது சீட்டில் போய் அமர்ந்திருக்கும். டெஃப்லான் டேப் சுற்றும்போதும் இதே ஆபத்து இருப்பதால் முதல் மரையை வெறுமையாக விடுவது நல்லது. லீவரின் விசை கடினமானது. அழுத்தமே இல்லாதபோது அதை இழுத்துப் பார்த்துப் பழுது என்று எண்ண வேண்டாம். செட் பிரஷரில் முக்கால் பங்காவது தொட்டியில் இருக்கும்போதுதான் இழுக்க வேண்டும், அப்போது காற்றே பாதி வேலையைச் செய்துவிடும், சீட்டில் தங்கிய தூசியையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

பொருத்துவதில் வால்வின் தரத்தையே கெடுக்கும் பிழைகள் சில உண்டு. தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவே நீண்ட மெலிந்த குழாயை வைத்தால், காற்று ஓடும்போது அந்தக் குழாயிலேயே அழுத்தம் இழந்து, வால்வு மூடி, மூடியதும் அழுத்தம் மீண்டு, மறுபடி திறக்கும். அந்த இழப்பு செட் பிரஷரில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் நடைமுறை. நாங்கள் சோதனைக்காகவே அரை மீட்டர் மெல்லிய குழாயின் நுனியில் மூன்றாவது வால்வை வைத்துப் பார்த்தோம். கடிகாரம்போல் நடந்த அதே வால்வு, மெஷின் துப்பாக்கிபோல் அடித்தது. மூன்று நொடிக்குள் நிறுத்திவிட்டோம். நடுவே அடைப்பு வால்வு எதையும் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் பல இடங்களில் பார்க்கிறேன். வெளிவாயிலில் குழாய் இணைத்தால் அது வாயிலைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அங்கே சேரும் எதிரழுத்தம் செட் பிரஷரில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண ஸ்பிரிங் வால்வு தடுமாறும். பெல்லோஸ் வகைக்கோ (எதிரழுத்தம் டிஸ்க்கைத் தள்ளாதபடி ஒரு மடிப்புக் குழாய் தடுக்கும் வகை) பைலட் வகைக்கோ போக வேண்டிவரும்.

மூன்றாவது வால்வை இப்போது தொட்டியின் உச்சியில், நேராக நிமிர்த்தி, குட்டையான நிப்பிளில் (இருபுறமும் மரையுள்ள இணைப்புக் குழாயில்) பொருத்தியிருக்கிறோம். லீவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டதால் இழுக்கக் கை நுழைவது சிரமமாக இருக்கிறது. அடுத்த பராமரிப்பு நாளில் மூடியைத் தளர்த்தாமல், நிப்பிளோடு சேர்த்துக் கால் சுற்றுத் திருப்பி வைக்க வேண்டும். அறுத்த முதலாவது வால்வின் இரு பாதிகளும் கருவி அலமாரியில் இருக்கின்றன. "அரை அங்குலம், 10 பார்" என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு.